இடது பக்கம் இழுக்குது

வண்டியை வாங்கி வீட்டுக்குத் தனியாக ஓட்டிவந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் மாலை மனைவியை முதன்முறையாக ஏற்றிக்கொண்டு தெருமுனை தாண்டியதும், ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. தூங்குகிற குழந்தை புரண்டு படுப்பதுபோல.

நேராக்கினான். மறுபடி நகர்ந்தது.

"இடது பக்கம் இழுக்குது."

"நான் உட்கார்ந்திருக்கிற பக்கம்," என்றாள் அவள். "நேராவே சொல்லுங்களேன், குண்டாயிட்டேன்னு."

அவளுக்கு ஏழாவது மாதம். பைக்கில் இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தப் பழைய கார். புரோக்கர் அதன் கூரையைத் தட்டி, "ஒரே கைல ஓடின வண்டி சார், கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றிருந்தார்.

மெக்கானிக் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி போகுது சார். வண்டில பெண்டு, வளைவு ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு அவன் தலையைப் பார்த்தார். இருந்தாலும் வீல் அலைன்மென்ட் செய்து, டயர்களையும் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்.

அலுவலகத்துக்குத் தனியாகப் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தே பார்த்தான். நேராகத்தான் போனது. ஆனால் மாலையில் அவள் ஏறி, கதவைச் சாத்தி, கைப்பையை மடியில் வைத்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டதும் அடியில் எங்கோ ரப்பர் தேயும் சத்தம் தொடங்கும். ஏசி காற்றில் ஈரத்துணியும் புதுப் பெயிண்டும் கலந்த வாடை வரும். எதிரே வருகிற விளக்குகள் அவள் முகத்தில் ஏறி இறங்க, ஓரத்து மரங்களும் மதில்களும் நிறுத்தியிருக்கும் வண்டிகளும் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக அவள் ஜன்னலை உரசுவதுபோல வந்து விலகும். வீடு சேர்கையில் அவன் தோள்கள் கல்லாக இறுகிக் கிடக்கும்.

பிறகு பெல்ட். ஒருநாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு அவள் பக்கத்து சீட் பெல்ட் கழலவில்லை. அவன் இரண்டு கட்டைவிரலாலும் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு ஆசையா கட்டிப் பிடிச்சிருக்கு. பார்த்துக் கத்துக்குங்க."

அவள் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடிய பட்டையில் அவன் நகம் எதிலோ தட்டியது. ஒரு விரல் அகலத்துக்கு நெசவு உருகி, கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தது. முகர்ந்தான். கருகல். அப்போது பெல்ட் தானாகவே விட்டது.

மெக்கானிக் இடது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பூரா மாத்தியிருக்காங்க சார். கதவு, கண்ணாடி, முன்லைட்டு, எல்லாம் வேற வண்டியோடது. அடிபட்ட வேகத்துல உருகின பெல்ட்ட மட்டும் அப்படியே விட்டுட்டாங்க."

"என் பக்கம்?"

"கம்பெனில அடிச்ச பெயிண்டு. கை வைக்கல."

பட்டறை வாசலில் நின்று புரோக்கருக்குப் போன் செய்தான்.

"அடிபட்ட வண்டின்னு ஏன் சொல்லல?"

"அது பழைய கதை சார். ஏன், இடது பக்கம் இழுக்குதா? வித்தவரும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தார். ஏறாத பட்டறை இல்ல, ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியல." புரோக்கரின் குரலில் உற்சாகம் ஏறியது. "ஆனா அவர் வீட்டம்மா வண்டிலயே தவறினதுக்கு அப்புறம் இழுக்கவே இல்லையாம் சார். அந்தத் தைரியத்துலதான் உங்களுக்குக் காட்டினேன்."

அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னான்.

"நான் உட்கார்ந்தாத்தானே இழுக்குது? நானே பட்டறைக்கு வர்றேன். என்மேல பழி போட்டது போதும்."

மறுநாள் சாயங்காலம் டாக்சியில் வந்து இறங்கினாள். மெக்கானிக் புது பெல்ட் மாட்டி வைத்திருந்தார். அவர் ஓட்ட, பக்கத்தில் அவள். பின்சீட்டில் அவன். ரப்பர் சத்தம் இல்லை. வாடை இல்லை. மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"அக்கா உட்கார்ந்தாலும் நேராத்தான் போகுது. பாருங்க சார்."

அவள் திரும்பி அவனிடம் நாக்கைத் துருத்தினாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தனியாக ஓட்டினால் இழுப்பதில்லை. அவளை வைத்து வேறு ஒருவர் ஓட்டினாலும் இழுப்பதில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"டாக்சியிலயே போயிடலாம்."

"மழை வருதுங்க. இந்தா இருக்கு வீடு. இதுக்கு இன்னொரு டாக்சியா?"

"அப்ப பின்னாடி உட்காரு."

"ஏன், நான் என்ன சவாரியா?" முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துச் சொருகினாள்.

மெக்கானிக் ஷட்டரை இறக்கிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் சாலை கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு கரைந்தது. அவன் மெதுவாக, நடு ரோட்டிலேயே ஓட்டினான். வலது பக்கம், வலது பக்கம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே பிடித்திருந்தான்.

ரப்பர் தேயும் சத்தம்.

அந்த வாடை.

முழு பலத்தோடு வலது பக்கம் திருப்பினான்.

"ஏன் ஓரமாப் போறீங்க?"

"வண்டி இழுக்குது. நான் வலது பக்கம்தான் திருப்பிக்கிட்டிருக்கேன்."

அவள் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை.

"இல்லங்க. வண்டி இழுக்கல. நீங்கதான் இந்தப் பக்கம் திருப்புறீங்க. உங்க கையப் பாருங்க."

பார்த்தான்.

அவன் கைகள்தான். அவசரமே இல்லாமல், நிதானமாக, இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தன.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. பிரேக்கைத் தேடினான். கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. அழுத்தியது.

ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. விளக்கு இல்லாமல்.

"என்னங்க, நிறுத்துங்க. என்னங்க!"

அவள் பெல்ட் பொத்தானை அழுத்தும் சத்தம். திரும்பத் திரும்ப. புது பெல்ட்.

"நிறுத்து..."

பிறகு மழைச் சத்தம்.

அவன் உடம்பில் எங்கும் வலி இல்லை. அவன் பக்கத்து ஜன்னல் முழுசாக இருந்தது. இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்து சூடாக ஏதோ அவன் முழங்கையில் சொட்டியது. நின்றது. மறுபடி சொட்டியது.

டிக். டிக். டிக்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பச்சை அம்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. இடது பக்க இண்டிகேட்டர். அதைப் போட்ட அவன் விரல் இன்னும் லீவர்மேலேயே இருந்தது.