வைக்கோல் அறை வாசல்

காலையில் இடுப்பளவு இருந்த கல்லடுக்கு மத்தியானம் நெஞ்சளவுக்கு ஏறியிருந்தது.

அன்னபூரணம் குசினி வாசலில் நின்று அதையே பார்த்தாள். நெடுந்தீவில் வைக்கோல் அறைக்குக் கதவு போடுவதில்லை; மாடு உள்ளே போகாதபடி வாசலில் கடலிலிருந்து எடுத்த வெள்ளை முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிவிடுவார்கள். இடுப்பளவு தாராளம். நெஞ்சளவுக்கு அடுக்க இங்கே என்ன, யானையா வளர்க்கிறார்கள்?

"எல்லாம் இந்த மனிசன்ரை வேலை," என்று முணுமுணுத்தாள். சோளகக் காற்று கூரையோலையைச் சரசரவென்று உரசிக்கொண்டு, சாணமும் கடலுப்பும் கலந்த வாசனையை முற்றமெங்கும் இறைத்துக்கொண்டு, ஓய்வில்லாமல் வீசியது.

மனிசன் என்றால் ஆழ்வாப்பிள்ளை, அவளுடைய கணவர். போன மாசியில் யாழ்ப்பாணத்து டொக்டர் மூளைப் படத்தைக் காட்டிச் சொன்னது அவளுக்கு நல்ல நினைவு. மூளையில் ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது; வருத்தம் முற்றினால் கூட வாழ்ந்தவரையே கள்ளன் என்று நினைக்கவும் கூடும். அதைக் கேட்டு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பாவம். கனடாவிலிருக்கும் மகள் இந்துஜா, பராமரிப்பு இல்லம் பார்க்கிறேன் என்றாள். நாற்பத்தெட்டு வருடம் ஒன்றாக இருந்தவரைப் படகேற்றி அனுப்ப மனம் வருமா? ஆனால் வீட்டில் ஒரு பிழை நடந்தால் போதும், மகள் பிரித்துவிடுவாள். அந்தப் பயம் அவளை அரித்துக்கொண்டேயிருந்தது.

"இஞ்சாருங்கோ!"

கதிரை வெறுமை. கட்டில் வெறுமை. அவருடைய செருப்பு மட்டும் வைக்கோல் அறை வாசலில் சோடியாகக் கிடந்தது.

அப்போதுதான் அறைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு, வைக்கோல் மேல் எதையோ இழுப்பது போல. பிறகு மூச்சு. பிறகு கல்லை உள்ளிருந்து நகம் சுரண்டியது.

"அன்னம்... விழுந்திட்டன். கால் ஏலாது. தண்ணி தாரும்."

ஆரோ ஓர் ஆம்பிளை. அவளுடைய பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? செருப்பு அவருடையது. அப்படியென்றால் அவரை இவன் என்ன செய்தான்?

குசினிக்குள் கைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். இந்துஜா.

"அம்மா, டொக்டர் தந்த குளிசை போட்டனீங்களோ?"

"எனக்கேன் குளிசை? கொப்பருக்கெல்லோ வருத்தம்."

மகளின் குரல் தணிந்தது.

"அம்மா, வருத்தம் உங்களுக்கு. உங்களை ஓரிடமும் விடமாட்டனெண்டு அப்பாதான் ஒற்றைக்காலிலை நிண்டவர். போனை அவரிட்டைக் குடுங்கோ."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளைத் தூள். பிட்டுக்கு மா குழைத்தது என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தாள். அடுப்பு மூட்டவேயில்லை. மா வைக்கும் பேணி மூடியபடி இருந்தது. நகங்கள் கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது.

"ஐயோ, நான் என்ன செய்து போட்டன்!"

ஓடினாள். கைபேசியை மண்ணில் போட்டுவிட்டு மேல்வரிசையில் ஒரு கல்லைப் பிடுங்கினாள். இன்னொன்று. உள்ளே, தூசி அப்பிய ஒரு முகம் நிமிர்ந்தது. வெடித்த உதடு. ஈரக் கண்கள்.

"வந்திட்டீரோ, அன்னம்," என்றது.

அவள் அந்த முகத்தில் தெரிந்த அடையாளம் தேடினாள். மூக்கில் தேடினாள். கண்ணில் தேடினாள். ஒன்றுமில்லை. சற்று முன் எதற்காக அலறினோம் என்பதும் நினைவில் இல்லை.

வைக்கோல் அறையில் ஒரு கள்ளன்.

"அம்மா? அப்பா எங்கை?" கைபேசி மண்ணில் கிடந்து கத்தியது.

"கொப்பர் வெளியிலை போயிட்டார், பிள்ளை. வரமுன்னம் இதை அடைச்சுப்போட வேணும். பாவம், அவர் பயந்து போவார்."

உள்ளிருந்து நாலு விரல்கள் ஏறி வந்து மேல்கல்லைப் பற்றின. விடவில்லை.

இருக்கிறதிலேயே பெரிய கல்லை அவள் இரண்டு கையாலும் தூக்கினாள்.