பதினான்கு வினாடி

அக்கா அழுதிருந்தால் றொக்சனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அஜிதா அழவில்லை. 2007 மார்ச்சில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் புடவைக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்தாள். கதிரை நுனியில் இருந்தாள்.

"என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டார் ஹென்றி அண்ணை."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குணேஸ்வரி பேனையை மூடி வைத்தார். காப்புறுதிக் கம்பனிகளுக்காகப் பொய் வழக்குகளைத் துருவிப் பழகியவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். றொக்சன் அவருடைய உதவியாளன். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை அவர் வாயே திறக்க மாட்டார். அது றொக்சனுக்கு எப்போதும் எரிச்சல். அன்றைக்குத் தாங்கவே முடியவில்லை.

அஜிதா சொன்ன கதை இது. ஹென்றியின் நிறுவனம் டவுன்டவுனில் இருக்கிறது. கட்டடக்காரர்கள் கணினி வழியாக அனுப்பும் டெண்டர்களை வாங்கி முத்திரையிடுவது அதன் தொழில். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வினாடி பிந்தினாலும் டெண்டர் குப்பைக்குத்தான். ஆகவே அங்கே கடிகாரம்தான் தெய்வம். கூரையில் இருக்கும் அன்ரெனா செய்மதிகளிடமிருந்து நேரத்தை வாங்கும். உள்ளே இருக்கும் ஒரு பெட்டி அதைக் கணினிக்குக் கொடுக்கும். நேரப்பெட்டி என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். கணினியின் நேரம் வெளியுலக நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்காணிப்பது அஜிதாவின் வேலை. ஒத்துப்போனால் அவளுடைய திரையில் கோடு படுத்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் அந்தக் கோடு துள்ளி எழுந்தது. கடிகாரம் பதினான்கு வினாடி முந்தி ஓடியது. கால்மணி நேரத்துக்குள் தானாகவே பழையபடி படுத்துக்கொண்டது. அதற்கிடையில், நேரத்தோடு வந்த ஒருவரின் டெண்டர் பிந்தியதாக முத்திரை விழுந்து தள்ளுபடியானது. ஒப்பந்தம் போட்டியில் இருந்த பேரின்பநாதனுக்குப் போனது. அவர் அஜிதாவின் மகளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர். கடிகாரத்தை மாற்றும் கடவுச்சொல் அஜிதாவிடம் மட்டுமே இருந்தது.

"கோடு துள்ளிப் படுத்ததை முதல்ல சொன்னதே நான்தான். ஞாயிறு பூசை முடிய, மாதா கோயில் வாசலில வைச்சு எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். நாளைக்குள்ள ஒப்புக்கொண்டு விலகாட்டில் பொலிசாம்."

றொக்சன் எழுந்தே விட்டான். "இப்பவே போய் அந்தாளை..."

"இரும்," என்றார் குணேஸ்வரி. பிறகு அஜிதாவின் பக்கம் திரும்பி, "சரியாப் பதினாலோ?" என்று கேட்டார்.

"சரியாப் பதினாலு."

"அண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

அஜிதா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "தவக்காலமல்லோ அக்கா. வெள்ளியில பொழுதுபடும் வரைக்கும் தண்ணிதான்."

மறுநாள் காலை மூவரும் மெற்றோவில் போனார்கள். ஹென்றி மன்னார்க்காரர், நல்ல கோட்டு, நல்ல பிரெஞ்சு. வாசலிலேயே தன் வழக்கைச் சொல்லிவிட்டார். கடைசி நேரத்தில் வாடிக்கையாளர்களோடு தான் முன்கூடத்தில் நின்றதாகவும், அஜிதா தன் கண்முன்னே கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அதற்குச் சற்று முன்னும் அந்தக் கால்மணி நேரமும் அவள் கதிரையை விட்டு அசையவில்லையா என்று குணேஸ்வரி இருமுறை கேட்டார். அசையவில்லை என்று ஹென்றி இருமுறையும் அடித்துச் சொன்னார். அக்காவின் கழுத்தில் கயிறு இறுகுவதைப்போல றொக்சனுக்கு இருந்தது.

நேரப்பெட்டி பின்னறையில் ஒரு மரத்தட்டில் இருந்தது. கதவுக்குப் பூட்டில்லை. சுவரில் இரண்டு மின்துளைகள்: ஒன்றில் இயந்திரங்களுக்கான குளிரூட்டி, மற்றதில் நேரப்பெட்டி, இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு வயர். தட்டின் விளிம்பில் மரம் வட்டமாகக் கருகியிருந்தது. கருகலைச் சுற்றி மஞ்சள் எண்ணெய்க் கறை. குணேஸ்வரி அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். வெளியே வந்து, சமையலறை வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்தார். கறி சூடாக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

"வாற ஆக்கள் மூக்கைப் பொத்துறாங்கள். எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றார் ஹென்றி.

எல்லோரையும் முன்கூடத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் என்றால், ஹென்றி, அஜிதா, பிறகு நிர்மல். சென்னையிலிருந்து படிக்க வந்து, வேலைக்கான அனுமதியோடு அங்கேயே தங்கிவிட்ட தொழில்நுட்பப் பொடியன்.

"கள்ள வேலை செய்யிற மனிசர் பத்து வினாடி வைப்பினம், அரை நிமிசம் வைப்பினம்," என்றார் குணேஸ்வரி. "பதினாலு மனிசர்ர கணக்கில்லை. அது செய்மதியின்ர கணக்கு. பூமி மெதுவாச் சுத்துறதாலை எங்கட கடிகாரத்திலை இடைக்கிடை ஒரு வினாடி சேர்ப்பினம். செய்மதி சேர்க்கிறேல்லை. இண்டைக்கு அது எங்களைவிடப் பதினாலு வினாடி முன்னுக்கு நிக்குது. நேரப்பெட்டிதான் அதைக் கழிச்சுத் தாறது. மின்சாரம் போய் வந்தால் இந்தப் பழைய பெட்டிக்கு எவ்வளவு கழிக்கோணும் எண்டது மறந்துபோகும். செய்மதி திரும்பச் சொல்லும் வரைக்கும், ஒரு கால்மணி நேரம், கழிக்காமலே தரும்."

"பெட்டிக்குள்ள இருக்கிற பற்றறி செத்துப்போச்செண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்றாள் அஜிதா.

"ஆகவே கடவுச்சொல் ஒருத்தருக்கும் தேவைப்படேல்லை. ஆரோ வயரைக் கழட்டித் திரும்பக் கொழுவியிருக்கினம். மத்தியானத்திலை கழட்டுறதெண்டால் அது சாப்பாட்டுக்காத்தான் இருக்குமெண்டு நேற்றே நினைச்சன். அஜிதா கதிரையை விட்டு அசையேல்லை எண்டு நீங்களே ரெண்டு தரம் சொல்லிப்போட்டீங்கள். நீங்களும் இஞ்சதான் நிண்டனீங்கள். அந்தத் தட்டிலை ஆரோ சின்ன அடுப்பு வைச்சுக் கறி சூடாக்கினம். அஜிதா வெள்ளியில விரதம். இனி மிஞ்சிறது ஆர்?"

குணேஸ்வரி அதோடு நிறுத்திவிட்டார். எல்லோரும் நிர்மலைப் பார்த்தார்கள்.

"அடுப்பைச் சொருக தினமும் கூலர் வயரைத்தான் எடுப்பேன்," என்றான் அவன். "அன்னைக்குப் பசி, அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். உடனே சொருகிட்டேன் மேடம். இப்படி ஆகும்னு தெரியாது."

"பேந்து தெரிஞ்சதுதானே?" றொக்சன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "அக்கா கள்ளி எண்டு பேர் வாங்கேக்க எங்கையடா இருந்தனீ?"

"வேலை போனா பர்மிட் போயிடும் அண்ணா..."

"விடு அவனை," என்றாள் அஜிதா. நிர்மலின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. "என்னோட மட்டும் இனிக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லு."

ஹென்றி தொண்டையைச் செருமினார். நடந்தது நடந்துவிட்டது, அஜிதா நாளைக்கே வேலைக்கு வரலாம், இவனை அனுப்பிவிடுவோம், டெண்டர்காரர்களுக்கு இயந்திரக் கோளாறு என்று இரண்டு வரி எழுதினால் போதும், நாங்கள் ஒரே கோயில் ஆட்கள்தானே என்றார்.

"எழுதுங்கோ," என்றாள் அஜிதா. "இப்ப. நான் பாக்க."

அவர் கணினியின் முன் உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் நின்றாள். இயந்திரக் கோளாறு என்று அவர் தட்டினார். அழிக்கச் சொன்னாள். ஊழியர் ஒருவர் மின்வயரை மாற்றிக் கழற்றினார் என்று தட்டினார். போதாது என்றாள். அஜிதாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதினார்.

"இன்னும் இருக்கு. அவன் ஏன் அந்த அறைக்குள்ள ஒளிச்சு நிண்டு சாப்பாடு சூடாக்கினவன்? அதையும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் கோயில் வாசலில வாசிக்கப் போறீங்கள்."

ஹென்றியின் விரல்கள் விசைப்பலகையில் அசையாமல் கிடந்தன. காது மடல் சிவந்திருந்தது. றொக்சன் வாயெடுக்கப் போனான். குணேஸ்வரி கண்ணால் தடுத்தார்.

அக்கா காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே இருக்கவில்லை.