தானா மாறும் தேதி

“போனைக் குடுங்க மேடம்.”

“குடுக்க மாட்டேன்.”

செல்போன் ரிப்பேர் கடைக்குள் வந்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். கடைக்காரன் நிமிர்ந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட மறந்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இமையில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பெரிய கண்கள்தான், அழகான கண்கள்தான். ஆனால் பார்வை மட்டும் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்கிற பார்வை.

அவள் மேல் தப்பில்லை. போன வருடம் வேறொரு கடையில் நம்பி போனைக் கொடுத்தாள். அன்று சாயந்திரமே ‘சாப்டாச்சா?’ என்று ஒரு மெசேஜ். மறுநாள் காலையில் ‘எழுந்தாச்சா?’ மூன்று மாதம் இதே பாட்டு... கடைசியில் நம்பரையே மாற்றிவிட்டாள். அன்றோடு ரிப்பேர் கடைக்காரர்கள் மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது.

“சரி, என்ன பிரச்னைன்னாவது சொல்வீங்களா?”

“ஒரு ஆப் டவுன்லோட் ஆகல. சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் நின்னுடுது. நாளையிலேருந்து லேப்ல அந்த ஆப்லதான் அட்டெண்டன்ஸ். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல... மூணு ஆப்சென்ட் விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“லேப்ல ரத்தம் எடுக்கறவங்களா?”

“அது உங்களுக்கு எதுக்கு?”

“இல்ல... தினமும் அத்தனை பேர் உங்களை நம்பிக் கையை நீட்டறாங்க. நீங்க ஒரு போனை நீட்ட மாட்டேங்கறீங்களே.”

அவள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் தொடவே இல்ல. சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க.”

‘இது என்ன புது மாதிரி வேஷமா இருக்கு...’ என்று நினைத்தபடி கவுன்டரில் இருந்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

“ஸ்டோரேஜ் இருக்கா?”

“பாதிக்கு மேல காலி.”

“நெட்?”

“ஓடுது.”

“சரி, கேஷை க்ளியர் பண்ணுங்க.”

“வேலையே முடியல, அதுக்குள்ள கேஷா?”

“ஐயோ, அந்த கேஷ் இல்ல மேடம்... ஆப் சேர்த்து வச்சிருக்கற குப்பை.”

அவள் உதட்டோரம் ஏதோ ஆரம்பித்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். குப்பையைத் துடைத்தாள். அப்போதும் ஆப் இறங்கவில்லை.

“இன்னைக்கு என்ன தேதி?” என்றான் அவன்.

‘ஆரம்பிச்சுட்டான்... அடுத்தது பிறந்தநாள் எப்பன்னு கேப்பான்.’

“எதுக்கு?”

“சொல்லுங்களேன்.”

“பன்னெண்டு.”

“உங்க போன்ல?”

பார்த்தாள். பத்தொன்பது.

“போன் ஒரு வாரம் முந்தி ஓடிக்கிட்டிருக்கு. தேதி தப்பா இருந்தா ஆப் குடுக்கற ஸ்டோர் அந்த போனை நம்பாது... உங்களை மாதிரிதான். ‘தானாகத் தேதி அமை’னு இருக்கும் பாருங்க, அதை ஆன் பண்ணுங்க.”

தட்டினாள். அரை நிமிடத்தில் ஆப் சமர்த்தாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி. முகத்தில் காட்டவில்லை.

“எவ்வளவு?”

“எல்லாம் நீங்கதானே பண்ணீங்க. எனக்கு எதுக்கு?”

போச்சு. வந்த நிம்மதி வந்த வழியே போனது. சும்மா செய்து கொடுக்கிறவனை எப்படி நம்புவது? அவன் நீட்டிய கடை கார்டை நுனி விரலால் வாங்கிக்கொண்டு மழையிலேயே நடந்தாள். தெரு முனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்... பாவமாக இருந்தது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நான்கு நாள் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் லேபில் ஆப்பைத் திறந்தால் ‘தேதி பொருந்தவில்லை’ என்று அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொண்டது. ஒரு ஆப்சென்ட். மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகத் தேதியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. குளித்துக் கிளம்பி லேபுக்குப் போனால்... மாறியிருந்தது. இரண்டாவது ஆப்சென்ட். போனைக் குடைந்தாள். அவள் போனிலிருந்து அவன் கடைக்கு நான்கு கால் போயிருந்தது. அவள் ஒன்றுகூடப் பேசியதில்லை.

பகல் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

“என் போன்ல என்ன வச்சீங்க?”

“நான் தொடவே இல்லையே மேடம்.”

“தொடாமலேதானே வச்சீங்க. நான் பண்ற மாதிரி என் கையாலயே பண்ண வச்சு... தேதி தானா மாறுது. உங்க கடைக்குத் தானா கால் போகுது. நான் திரும்ப வரணும்னுதானே?”

அவன் அந்தக் கால் பட்டியலைப் பார்த்தான். முகம் மாறியது.

“தேதி யார் மாத்தறாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல முடியாது. வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“அதைச் சொன்னா வாக்கு எதுக்கு?”

“இந்தத் தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிடுவேன். யாரும் இந்தக் கடைப் படி ஏற மாட்டாங்க.”

அவன் பில் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதி, கடை முத்திரையைக் குத்தி நீட்டினான். ‘எங்கள் கடையின் தவறால் இவருடைய போனில் தேதி மாறியது. இவர் இரண்டு நாளும் வேலைக்கு வந்திருக்கிறார்.’ கீழே கையெழுத்து.

“மேனேஜர்கிட்ட குடுங்க. வேலை போகாது.”

“அப்ப நீங்கதான் பண்ணீங்க. ஒத்துக்கிட்டீங்க.”

அவன் பில் புத்தகத்தை மூடி உள்ளே வைத்தான். வென்றுவிட்டோம் என்றுதான் வெளியே வந்தாள். ஆனால் ‘இவனாவது நல்லவனா இருந்திருக்கலாம்’ என்று மனசு அழுதது.

அன்று வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தவள், மறுநாளைக்கு ஒரு முடிவோடு இருந்தாள். காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, கதவைச் சத்தமில்லாமல் திறந்து எட்டிப் பார்த்தாள்.

அம்மா. கட்டில் விளிம்பில், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் போனில்.

“அம்மா...”

அம்மா போனைத் தலையணைக்கு அடியில் சொருகினாள். தலையணைக்கு அடியிலிருந்து டிங் டிங் என்று இசை வந்தது.

“அந்த மிட்டாய் கேமா? விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணியே?”

“விட்டேன்தான்டி... லெவல் முந்நூத்திப் பத்துல விட்டேன். மனசு கேக்கல. அதுல ஆடறதுக்குக் குடுக்கற உயிர் தீந்து போச்சுன்னா அரை மணி நேரம் காத்திருக்கணும். தேதியைத் தள்ளி வச்சா அஞ்சு உயிரும் உடனே வந்துடும். ஆடிட்டுத் திருப்பி வச்சுடுவேன்... சில நாள் மறந்துடும்.”

“கடைக்காரருக்குப் போன் பண்ணினதும் நீயா?”

“உன் பையில கடை கார்டு இருந்துச்சு. தேதி மாத்த முடியாம போச்சேன்னு கேட்டேன். ‘மாத்தாதீங்கம்மா, மகளோட வேலை போயிடும்’னு அந்தத் தம்பி தலைபாடா அடிச்சுக்கிச்சு. தேதியை மாத்தாமலே எப்படி ஆடறதுன்னுகூடச் சொல்லிக் குடுத்துச்சு. நான்தான் கேக்காம நோண்டி மாத்தினேன். உங்கிட்ட சொல்லிடாதப்பான்னு கெஞ்சி வாக்கு வாங்கிட்டேன்...” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “கல்யாணம் ஆகலையாம். கேட்டுட்டேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பையில் அந்தச் சீட்டு இருந்தது. செய்யாத தப்புக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறான்.

சீட்டை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அம்மாவையே லேபுக்கு அழைத்துப் போனாள். அம்மா கையைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மேனேஜர் மேடம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது ஒன்றே ஒன்று... “முந்நூத்திப் பத்து எப்படிங்க தாண்டினீங்க?” இரண்டு ஆப்சென்ட்டும் அழிந்தன.

சாயந்திரம் மறுபடி மழை. கவுன்டரில் அந்தச் சீட்டை வைத்தாள்.

“பொய்ச் சீட்டு. எதுக்கு எழுதினீங்க?”

அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மூணாவது ஆப்சென்ட் விழுந்தா உங்க வேலை போயிடும். எனக்கு நாலு கஸ்டமர் போவாங்க, வேற நாலு பேர் வருவாங்க...” கொஞ்சம் தயங்கினான். “அன்னைக்குக் குடையை மடக்காம நின்னீங்களே. அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு. சொன்னா, ‘சாப்டாச்சா’ கேக்கற கூட்டத்துல என்னையும் சேர்த்துடுவீங்கன்னு பயம். அம்மா அந்தக் கதையும் சொன்னாங்க.”

அவள் போனைத் திறந்து, பூட்டாமல், அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல் பட்டது. எடுக்கவில்லை.

“தேதி சரியாத்தானே இருக்கு... என்ன ரிப்பேர்?” அவன் குரல் கரகரத்தது.

“ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்தேன்.” கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சந்தேகமே இல்ல.”

அப்போது பார்த்துத்தானா கடை போன் அடிக்க வேண்டும்... எடுத்தான். கேட்டான். காது சிவந்து, போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

“உங்க அம்மா. தேதி குறிச்சுடலாமான்னு கேக்கறாங்க.”

“குறிக்கச் சொல்லுங்க,” என்றாள் அவள். “ஆனா குறிச்ச தேதியை மட்டும் அவங்க மாத்தக் கூடாது.”