மேட்டு வீட்டில் சொன்ன பதில்

ஓனோமிச்சி நிலையத்தில் சிஹோ இறங்கியபோது மணி பத்தரை. ஜூன் மாதத்து மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் வானம் தாழ்ந்து வந்து கடல்மேல் உட்கார்ந்திருந்தது. நிலையத்துக்கு எதிரிலேயே துறைமுகம். அக்கரைத் தீவின் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. டீசலும் உப்பும் கலந்த வாசனை.

நாலு வருடத்தில் முதல் முறையாக அவள் கைகள் இரண்டும் சும்மா இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக நடந்தாள்.

போன வாரம் ஒன்றுமில்லாத காரணத்துக்காக மகள் காரினிடம் கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதிருந்தாள். கணவன் கோஹெய்தான், "ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வா. நாங்க செத்துட மாட்டோம்" என்று அனுப்பி வைத்தான். கிளம்பும்போது காரின் அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குளியல் அம்மாவோடுதான். ஆறு மணிக்குத் தொட்டியில் வெந்நீர் நிரம்பியிருக்கும்.

"அதுக்குள்ள வந்துடுவேன்" என்று சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சின்ன நூடுல்ஸ் கடையில் மதியம் சாப்பிட்டாள். கடைக்காரி யசுகோவுக்கு அறுபது வயதிருக்கும். நூடுல்ஸைவிட வேகமாகக் கேள்விகளை வடித்துப் போட்டாள்.

"தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரர் துரத்திட்டாரா?"

"குழந்தையைப் பாத்துக்கறேன், நீ போன்னுட்டாரு."

"அடேயப்பா! அந்த மாதிரி ஆள் எந்தக் கடையில கிடைக்கறாரு? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, குழம்பைக் கிளறக்கூட என்னைக் கேக்கும்."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "காதுல விழுது" என்றது.

"விழட்டும்னுதான் சொல்றேன்!" என்றாள் யசுகோ. பிறகு சிஹோவின் குடையற்ற கையைப் பார்த்தாள். "மேல கோயில் பக்கம் போறீங்களா? மழைக்கு முன்னாடி இறங்கிடுங்க. படியெல்லாம் வழுக்கும்."

தண்டவாளத்தைத் தாண்டியதும் படிகள் ஏறின. இருபுறமும் வீடுகள். பாதிக்கு மேல் ஆளில்லாதவை. தபால் பெட்டிகளின் வாயை ஒட்டுநாடா போட்டு மூடியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிஹோவுக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. பையில் ஏதோ மறந்தது போல, யாரோ காத்திருப்பது போல ஒரு பரபரப்பு. போனை எடுத்து மணி பார்த்தாள். ஒன்றேகால்.

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. வாளியைக் கவிழ்த்தது போல் கொட்டியது.

ஒரு பெரிய கருவாலி மரத்துக்குப் பக்கத்துச் சந்துக்குள் ஓடி, முதலில் கண்ணில் பட்ட வீட்டின் கூரை நீட்சிக்குக் கீழே ஒதுங்கினாள். பழைய மர வீடு. இழுவைக் கதவு ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே இஞ்சி போட்டு சோயா சாற்றில் மீன் கொதிக்கும் வாசனை.

"வந்துட்டியா?"

உள்ளிருந்து ஒரு வயதான குரல். இயல்பான, கொஞ்சம் அலுத்துக்கொண்ட, அன்பான குரல்.

"வந்துட்டேன்" என்றாள் சிஹோ.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. முப்பத்து நாலு வருடமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான். மூச்சு விடுவது போல.

"நனைஞ்சுட்டியே. துண்டு வெச்சிருக்கேன் பாரு. தலையைத் துவட்டிட்டு மேல வா."

வாசலின் உள்படியில் மடித்து வைத்த துண்டு இருந்தது.

பாவம், நினைவு தவறிய அம்மா யாரோ, என்று நினைத்தாள். நேரில் பார்த்து, நான் உங்கள் மகள் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். காலணிகளைக் கழற்றினாள். பழக்கப்படி அவற்றின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் படியேறினாள். துண்டை எடுத்து முகத்தில் வைத்தாள். இப்போதுதான் அடுப்பருகிலிருந்து எடுத்தது போல் சூடாக இருந்தது.

"அம்மா, மன்னிக்கணும், நான்..."

"நேரமாயிடுச்சேன்னு பாத்தேன். படகு தாமதமா?"

சமையலறைக்கு முன் ஒரு துணித்திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம். திரைக்குக் கீழே நிற்பவரின் பாதம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

தரை மட்டும் தெரிந்தது. அதன் மேல் தூசி. விரல் தடிமனுக்கு, காலடி படாத தூசி.

சிஹோ மெல்லப் பின்னால் நகர்ந்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. சுவரோரம் வரிசையாகக் காலணிகள். மரச்செருப்பு. கறுத்துப் போன பள்ளிக்கூடத்துப் பூட்ஸ். குதிகால் உயர்ந்த, எந்தக் காலத்துப் பாணியோ ஒன்று. எல்லாம் பெண்களுடையவை. வெவ்வேறு அளவு.

அத்தனையும் வீட்டின் உள்பக்கம் பார்த்து நின்றன. வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகாதது போல.

கடைசியாக அவளுடையவை.

அவையும் உள்பக்கம் பார்த்தன.

கரண்டிச் சத்தம் நின்றது.

காரினின் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். குனிந்து காலணிகளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

குரல் இப்போது திரைக்குப் பின்னால் இல்லை. தோளுக்குப் பின்னால்.

"போயிட்டு வரேன்" என்றது சிஹோவின் வாய்.

"ம். சீக்கிரம் வா."

காலுறையோடு படிகளில் ஓடினாள். வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். நூடுல்ஸ் கடையில் யசுகோ கடை மூடுவதற்காக வாசல் திரையை அவிழ்த்து உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். கடைச் சுவரில் மணி மூன்றரை. பத்து நிமிடம்கூட அந்த வீட்டில் நிற்கவில்லை என்று சிஹோ சத்தியம் செய்திருப்பாள்.

யசுகோ அவள் காலைப் பார்த்தாள். கையிலிருந்த காலணியைப் பார்த்தாள். கேலி எதுவும் செய்யவில்லை.

"கருவாலி மரத்துக்குப் பக்கத்துச் சந்தா?"

ஆமென்று சிஹோ தலையை ஆட்டினாள்.

"உக்காருங்க." வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். "ஹருனோ அம்மா வீடு. பொண்ணு எதிர்த் தீவுக்கு வேலைக்குப் போயிட்டு, ஒரு நாள் சாயங்காலப் படகுல வரல. வேற எங்கயோ போயி நல்லாத்தான் இருந்தாளாம். அம்மாகிட்ட சொல்லத்தான் இல்ல. அந்தம்மா காத்திருந்து காத்திருந்தே போய்ச் சேந்தாங்க. இருபது வருஷம் ஆச்சு."

"என்னை மகள்னு நினைச்சுக் கூப்பிட்டாங்க."

"பதில் சொன்னீங்களா?"

"வாய்ல வந்துடுச்சு."

"சரி, அது எல்லாருக்கும் வரும். கிளம்பும்போது? 'தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிக்கணும்'னு விருந்தாளி மாதிரி சொன்னீங்கல்ல? அதைச் சொல்லிட்டா அவங்க விட்டுடுவாங்க."

சிஹோ மடியிலிருந்த காலணிகளைப் பார்த்தாள்.

"என்னதான் சொன்னீங்க?" யசுகோவின் குரல் இறங்கியிருந்தது.

"போயிட்டு வரேன்னு."

உள்ளேயிருந்த ஆண் குரல் ஏதோ கேட்க வந்து, பாதியில் நிறுத்தியது. யசுகோ வெந்நீர்க் குவளையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவசர அவசரமாக, "அது வீட்டுப் பொண்ணு திரும்பி வர்றதா சொல்லிட்டுப் போற வார்த்தையாச்சே. நாலு மணி வண்டியைப் பிடிங்க. போங்க. உங்க வீட்டுக்குப் போங்க, முதல்ல" என்றாள்.

வீடிருக்கும் ஒகயாமா வரை சிஹோ உட்காரவே இல்லை. கதவருகில் நின்றபடி நிலையங்களை எண்ணினாள். நிலையத்திலிருந்து வீடு வரை ஓடினாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தங்கள் ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. எதற்காக இந்த வீட்டை விட்டு ஒரு நாள் ஓட நினைத்தேன் என்று சிரிப்புக்கூட வந்தது.

கதவைத் திறந்தாள். சோறு வேகும் ஆவி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

"வந்துட்டியா?" என்றான் கோஹெய் உள்ளேயிருந்து.

சிஹோ வாயைத் திறந்தாள். 'வந்துட்டேன்' என்ற வார்த்தை வரவில்லை. உதடு குவிந்தது, நாக்கு எழுந்தது, சத்தம் மட்டும் இல்லை. மறுபடி முயன்றாள். அந்த வார்த்தை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது.

பிறகு வாய் தானாகப் பேசியது, மரியாதையாக, மெதுவாக.

"தொந்தரவு தர்றேன், மன்னிக்கணும்."

கோஹெய் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "இதென்ன புது விளையாட்டு? காரின், வாசல்ல யாரு வந்திருக்காங்க பாரு!"

தோளில் துண்டோடு காரின் ஓடி வந்தாள். பாதியில் நின்றாள்.

சிஹோ அவளைத் தூக்கக் கை நீட்ட நினைத்தாள். கைகள் கீழே இறங்கி, அவளுடைய காலணிகளைக் கழற்றி, முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தன.

காரின் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, விருந்தாளிகள் வீட்டுக்குள் போடவென்று வைத்திருந்த பச்சைச் செருப்பு ஜோடியை எடுத்து வந்து அவள் காலடியில் ஒழுங்காக வைத்தாள். பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இடுப்பை வளைத்து வணங்கினாள்.

பிறகு ஓடிப்போய் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப வருவாங்க? தண்ணி ஆறிடுமே."