பிணையாக வந்த இளவரசி

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வானம் வெளுத்திருந்த ஒரு மாலைப் பொழுது. மேற்கே கதிரவன் செம்பொன் குழம்பாய் உருகி மறைய, கிழக்கே முழுமதி மெல்லத் தலைகாட்ட, இரு கரையும் தெரியாமல் புரண்டோடிய காவிரியின் நடுவே குருகுத்திட்டுக் கோட்டை தனித்து நின்றது. அதன் மதிலோரத்து மூங்கில் புதர்களில் நாரைகள் இடம் பிடிப்பதற்காகச் சச்சரவிட்டுக்கொண்டிருந்தன. வடக்கே தொலைவில் கொல்லிமலைத் தொடர் நீலம் மங்கி இருளோடு கலந்துகொண்டிருந்தது.

வாசக அன்பர்கள் என்னோடு அந்த மதிலின் மேல்மாடத்துக்கு ஏறி வர வேண்டும். படிகள் பாசி பிடித்தவை; பார்த்து வாருங்கள். அங்கே இரண்டு இளம்பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தியின் கழுத்தில் மூன்று சரம் கொண்ட முத்துவடம், காலில் பொற்சிலம்பு. மற்றவள் முரட்டு நூல் சேலை உடுத்திக் கையில் மயிற்பீலி விசிறி வைத்திருக்கிறாள். யார் இளவரசி, யார் பணிப்பெண் என்று கேட்க வேண்டியதே இல்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்தக் கோட்டைக்கு உரிய இருப்பைக்கோட்டை நாட்டார் அத்தனை பேரும் ஓராண்டாக அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் நூல் சேலைக்காரிதான் மழவூர் மன்னரின் ஒரே மகள் வரகுணை. முத்துவடம் பூண்டவள் அவளுடைய தோழி சேந்தி.

சென்ற ஆண்டு நடந்த போரில் மழவூர் தோற்றது. ஒரு கார்காலம் தொடங்கி மறு கார்காலம் வரை மழவூர் மன்னரின் மகள் குருகுத்திட்டில் பிணையாக இருக்க வேண்டும் என்று இருப்பைக்கோட்டை அரசர் ஒப்பந்தம் எழுதினார். வரகுணைக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். வரும் வழியில், படகின் திரைக்குள் தன் அணிகளையெல்லாம் கழற்றிச் சேந்தியின் மடியில் போட்டாள். "பகைவன் வாயிலில் நான் போய் நிற்பதா? நீயே நின்றுகொள். உன் தலை குனிந்து பழகிய தலைதானே!" என்றாள். அந்தச் சொல் சேந்தியின் நெஞ்சில் தைத்ததா என்று அவள் அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கனம் பிடித்தவர்களுக்குக் கழுத்து எளிதில் திரும்புவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், குனிய மாட்டேன் என்று வந்தவள் மடைப்பள்ளித் தலைவி முதல் வாயிற்காவலன் வரை எல்லோருக்கும் குனிந்துதான் அந்த ஆண்டைக் கழிக்க வேண்டியிருந்தது!

"அம்மணி, அதோ நம் கொடி! கெடு முடிந்ததென்று தங்களை அழைத்துப் போகத் தளபதி குவாவனார் வருகிறார், படகின் முன்னே நிற்கிறார்" என்றாள் சேந்தி. "சீக்கிரம் முத்துவடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மாறவேளும் இன்று வருகிறாராம். என்னை... இல்லை, மழவூர் இளவரசியைப் பெண் கேட்கப்போகிறாராம்."

மாறவேள் இருப்பைக்கோட்டை இளவரசன். இந்தக் கோட்டையின் பொறுப்பாளன். மாலைதோறும் பூந்தோட்டத்துக்கு வருவான். "வரகுணை" என்று அவன் அன்பு ததும்ப அழைக்கும்போதெல்லாம், விசிறியோடு பின்னால் நின்றவளின் நெஞ்சு திடுக்கிட்டுத் துள்ளும். பெயர் அவளுடையது, ஆனால் அவன் கண்கள் போய்ச் சேர்ந்த இடம் வேறு. அந்த ஏக்கத்தை அவள் யாரிடம் சொல்வாள்? சொல்லக்கூடிய ஒரே தோழியும் அவனைத்தான் நினைத்து உருகிக்கொண்டிருந்தாள்.

"நீ அவரிடம் உண்மையைச் சொல்லிவிடேன், சேந்தி."

"எதைச் சொல்வது? அவர் விரும்புவது இந்த வடத்தை அணிந்திருக்கும் இளவரசியை. கழற்றி வைத்துவிட்டால் நான் உப்புக்கல்லுக்கும் பெறாதவள்." சேந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். அகப்பட்டுக்கொண்டால், தங்களை மிரட்டி அணிகளைப் பறித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தலையோடு போகட்டும். தாங்கள் அவரை மணந்துகொள்ளலாம்."

வரகுணையின் உள்ளத்தில் ஒரு கணம் ஆசை குதித்து எழுந்தது. அதை மறைத்து நான் அவளை உத்தமியாகக் காட்டப்போவதில்லை. எழுந்தது உண்மை. எழுந்ததைப் பார்த்து அவள் வெட்கிப்போனதும் உண்மை.

முத்துவடத்துக்காகத்தான் எல்லோரும் சேந்தியைக் கொண்டாடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் இதே வடம் மழவூரில் அவள் கழுத்தில்தானே கிடந்தது? இங்கே சேந்தியிடம் நீட்டியதுபோல, அங்கே தோட்டக்காரன் மனைவி ஒருத்தியாவது பெயர் சூட்டச் சொல்லித் தன் குழந்தையை அவளிடம் நீட்டியதுண்டா? முன்பனியில் வரகுணை குளிர்காய்ச்சலில் கிடந்தபோது, கோட்டையே வியக்க, 'இளவரசி' பணிப்பெண்ணின் பாயருகே உட்கார்ந்து நெற்றிக்குப் பற்றுப் போட்டாள். "நான் உன் எசமானி என்பதற்காகவா இத்தனையும்?" என்று வரகுணை முனகினாள். "சிறுவயதில் பாம்புக்குப் பயந்து புன்னைமரத்தில் ஏறிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? அரண்மனையே கைகொட்டிச் சிரித்தது. தாங்கள் மட்டும் கீழே வந்து, 'நான் பிடித்துக்கொள்கிறேன், இறங்கு' என்றீர்கள். அதற்காக" என்றாள் சேந்தி. வரகுணை அதை அடியோடு மறந்திருந்தாள். மன்னர் மகள் என்பதைத் தவிரத் தன்னிடம் நேசிக்க ஏதோ இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அணிகளை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாடப்படியில் காலடி ஓசை கேட்டது. மாறவேள் முன்னே வர, அவனுக்குப் பின்னால் குவாவனார் மூச்சிரைக்க ஏறி வந்தார். முத்துவடத்தைக் கண்டதும் அந்த முதிய தளபதி விரலை நீட்டினார்.

"அடி சேந்தி! இதென்ன கோலம்?"

நொடியில், மாறவேளோடு வந்த காவலர்களின் கைகள் வாள்பிடிகளுக்குப் போயின. சேந்தி மாறவேளின் காலடியில் விழுந்தாள். "குற்றம் என்னுடையது, இளவரசே! என் எசமானியை மிரட்டி..."

"பொய்!" என்றாள் வரகுணை. விசிறியைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தாள். "மழவூர் மன்னர் மகள் நான்தான். இறுமாப்பினால் இந்த வேடத்தை இவள்மீது சுமத்தியவளும் நான்தான். தண்டனை எதுவானாலும் எனக்கே உரியது."

மாறவேள் குனிந்து சேந்தியைத் தூக்கி நிறுத்தினான். "இது எனக்கு முன்பே தெரியும்" என்றான் அமைதியாக.

"தெரியுமா!" என்று மூவரும் திகைத்தார்கள்.

"நீங்கள் வந்த புதிதில் இளவரசிக்கென்று பால் கொண்டு வரச் சொன்னேன். இவள் ஒரு மிடறு பருகினாள், சற்றுப் பொறுத்தாள், பிறகு கிண்ணத்தைப் பின்னால் நின்ற தங்களிடம் நீட்டினாள். அரசகுமாரிகளின் தோழிமார் நஞ்சு உண்டா என்று பார்க்கும் வழக்கம் அது. எந்த இளவரசி தன் பணிப்பெண்ணுக்காக உயிரைப் பணயம் வைப்பாள்? பகைவர் வீட்டில் தன் தலை தப்பவேண்டிய நேரத்திலும் கைப்பழக்கம் இவளை விடவில்லை. அன்றே என் மனம் இவளிடம் போய்விட்டது. வெளியே சொன்னால் என் தந்தை இவள் தலையைக் கேட்பார். அதனால் வாய் திறக்கவில்லை." அவன் சேந்தியின் பக்கம் திரும்பினான். "நான் பெண் கேட்க வந்தது உன்னைத்தான், சேந்தி."

சேந்தி விம்மி அழுதாள். வரகுணைக்கு வலித்தது, மிகவும் வலித்தது. அத்தனை மாலைகளிலும், விசிறி பிடித்து நின்றவள் யார் என்று தெரிந்தேதான் அவன் சேந்தியை மட்டும் பார்த்திருக்கிறான்! ஆனாலும், அழுதுகொண்டிருந்த தோழியின் முகம் அப்போது எவ்வளவு அழகாக இருந்தது என்பதையும் அவள் கண்டாள்.

குவாவனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "காதல் கிடக்கட்டும், இளவரசே! அன்று இந்த வாயிலில் பிணை ஏற்றுச் சத்தியம் செய்தவள் மன்னர் மகள் அல்ல. வாய் திறந்து ஏற்காத பிணை பிணையாகாது. தங்கள் தந்தையார் கேள்விப்பட்டால்?"

"ஒப்பந்தம் முறிந்தது என்பார். மழவூர்மீது படை எழும். சேந்தியின் உயிருக்கும் நான் உறுதி சொல்ல முடியாது" என்றான் மாறவேள்.

வரகுணை ஆற்றைப் பார்த்தாள். கீழே துறையில் மழவூர்ப் படகு அவளுக்காக மாவிலைத் தோரணம் கட்டிக் காத்திருந்தது. இந்த ஓராண்டில் அவள் கனவு காணாத நாளில்லை; அந்தப் படகில் ஏறுவதாகவே எல்லாக் கனவும் முடியும்.

"துறைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

துறையில், முழங்காலளவு நீரில் இறங்கி நின்றாள். நிலவு ஏறிவிட்டிருந்தது. இரு கைகளிலும் காவிரி நீரை அள்ளிக்கொண்டு, "கோட்டைத் தலைவரே, முறைப்படி கேளுங்கள்" என்றாள்.

மாறவேள் அவளை நேராக நோக்கினான். "பிணை ஏற்பவர் யார்?"

"குழந்தாய், வேண்டாம்! உன் தந்தை அங்கே கரையில் காத்து நிற்கிறார்" என்று குவாவனார் கதறினார். சேந்தி ஓடி வந்து அவள் தோளைப் பற்றினாள். "அம்மணி, இன்னும் ஓராண்டா? தனியாகவா? நான் சம்மதிக்கமாட்டேன்!"

"அம்மணி இல்லை, அக்கா என்று கூப்பிடு. நீ அவரோடு போய் வாழ வேண்டும். நான் இங்கே இருப்பேன். எனக்குப் பயமில்லையடி" என்றாள் வரகுணை. பிறகு குரலை உயர்த்தினாள்.

"காவிரித் தாய் கேட்கட்டும். மழவூர் மன்னர் மகள் வரகுணை நான். அடுத்த கார்காலம் முடியும்வரை இந்தக் கோட்டையை விட்டு நீங்கமாட்டேன். இங்கே நடந்த வஞ்சனை என் ஒருத்தியுடையது. சேந்தி என் தங்கை. அவள் தலைக்கு என் தலை பிணை!"

கையிலிருந்த நீரை அவள் ஆற்றில் விட்டாள். "பிணை ஏற்கப்பட்டது; இனி ஒப்பந்தம் முறிந்ததென்று என் தந்தையும் சொல்ல முடியாது" என்றான் மாறவேள். குவாவனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இளவரசி இல்லாமலே படகைத் திருப்பச் சொன்னார்.