நாற்பத்தோராவது பெயர்

மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம் அது. இரண்டாயிரத்து மூன்று, கார்த்திகை மாதம். கிளிநொச்சியில், காணாமற்போனோர் விபரங்களைக் கணினியில் ஏற்றும் அந்தச் சின்ன அலுவலகத்தில் நேசமலர் மட்டும் இருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியே ஜெனரேற்றர் உறுமியது.

பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க, திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்தாள். கீழ்ப்பாதியில் பழைய பட்டியல் வரவில்லை… அவள் திறக்காத ஒரு கோப்பு வந்தது. வெறும் வெள்ளை. பிறகு, அவள் விரல் படாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன…

‘நாப்பத்தோராவது பேரை அழியுங்கோ.’

மேல்பாதியைப் பார்த்தாள். 41. சின்னராசா ரஜிதன், முரசுமோட்டை. 1998 முதல் காணவில்லை.



‘நீங்கள் ஆர்?’ என்று அடித்தாள்.

‘அந்தப் பேர்க்காரன்.’

‘செத்த ஆக்கள் எழுதுவினமோ?’

‘ஆர் செத்தது? காணேல்லை எண்டுதானே போட்டிருக்கிறியள்!’

பலகைத் தட்டிக்கு அப்பால் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. மேசையில் கிடந்த மர அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தாள். கதிரையில் யாருமில்லை. அங்கிருந்த இன்னொரு திரையில், அவள் அடித்த அதே எழுத்துகள்…

மேசைக்குக் கீழே இரண்டு கண்கள். குளத்துத் தண்ணீர் போலக் கறுத்த கண்கள்…

“ஐயோ, அடிச்சுப்போடாதேங்கோ! வவுனியாவில இருந்து வயர் பாக்க வந்தனான், நீங்கள் காணேல்லை. ரெண்டு திரைக்கும் ஒரே மெஷின்தான். அங்க நீங்கள் திறக்கிறது இஞ்சயும் தெரியும். பாத்தா… என்ர பேர்!”

“வாயால சொல்லேலாதோ?”

“சொல்லப் பயமாக் கிடந்தது.”

“வீட்டார் வந்து ஒப்பம் வைச்சாத்தான் பேரை அழிக்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவன் முகம் இறுகியது. “படலைக்குள்ள கால் வைக்காதை எண்டு அப்பா கலைச்சவர். அவராக் கூப்பிடட்டும்.”

“அவர் கண்மூடி ரெண்டு வருசம்…” அவள் குரல் தாழ்ந்தது. “அம்மா தனிய. ஒவ்வொரு புதனும் இஞ்ச வருவா.”

அவன் நிலத்திலேயே இருந்துவிட்டான். 

“இப்ப போனா… அம்மா என்னை ஆரெண்டு மட்டுக்கட்டுவாவோ?”

“நானே மட்டுக்கட்டிட்டனே… இடப்பக்கப் புருவத்து வெட்டு, கன்னத்துக் குழி… எல்லாம் அவா சொல்லச் சொல்ல நான் அடிச்சதுதான். இந்த ஆள் உசிரோட வரவேணும் எண்டு நேர்த்தியும் வைச்சனான்.”

“அம்மாவுக்காகவோ?”

அவள் தலை குனிந்தாள்.

“முதல்ல அம்மாவுக்காகத்தான்… பிறகு, எனக்காக.”