சொந்த வண்டிதானே?

பெனோ முதலில் பார்த்தது ஒரு ஜோடி வெள்ளை ஷூவைத்தான்...

மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன், ஸ்பானரை எடுக்கக் கையை வெளியே நீட்டினான். மழைக்கு ஒதுங்கி கராஜுக்குள் ஓடி வந்த அந்த ஷூவுக்கு ஷார்ஜாவில் வேறு இடமே கிடைக்கவில்லை போலும். நேராக வந்து அவன் விரல்களின் மேல் நின்றது.

“ஐயோ... எனக்க விரலு!”

“அம்மாடி!” ஒரு பெண்குரல் துள்ளி விலகியது. “யாரு அது உள்ள? கைய இப்படியா நடுவழியில நீட்டிப் போட்டுக்கிட்டுக் கெடக்கியது?”

“இது கராஜ் சிஸ்டரே... கடற்கரையில காத்து வாங்குத மாதிரி நடந்தா எப்படி?”

“மிதிச்சது தப்புதான். அதுக்கு இம்புட்டு வாயா?” குரல் சட்டென்று இளகியது. “எனக்கன்னு சொன்னியளே... ஊரு நாகர்கோவில் பக்கமா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆயில் அப்பிய அந்தக் கையைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். என்ன ஒரு மெத்தென்ற கை! பெனோவுக்கு வலி போன இடம் தெரியவில்லை. யார் இந்தப் புண்ணியவதி என்று மெல்லத் தலையைத் திருப்பினான்.

சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முகம். மழைத்துளி ஒட்டிய இமைகள். கண்ணா அது... சிரிப்பதற்கென்றே திறந்து வைத்த இரண்டு கண்கள்!

அவ்வளவுதான். பெனோவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அந்தக் கண்களை அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாக அவனுடைய பர்ஸில் இருக்கிற பாஸ்போர்ட் சைஸ் படத்தில் இருப்பவை அவைதான். ரினி. அஜ்மானில் நர்ஸ். அவனுக்குப் பேசியிருக்கிற பெண்! நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் இரண்டு பேரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பெண்ணைப் பார்த்துவிட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, இதில் மூச்சு நிற்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. அவன் தலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் நின்றுகொண்டிருக்கிறது!

போன வருஷம் இந்தக் கார் ஆயில் மாற்ற வந்தபோது, கடன் வாங்கிய கூலிங் கிளாஸோடு பெனோ அதன் மேல் சாய்ந்து நின்றான். ரூமில் கூட இருக்கும் பிரைட் படம் எடுத்தான். வளைகுடாவுக்கு வந்த எவன்தான் அடுத்தவன் வண்டியில் சாய்ந்து ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பாமல் இருந்திருக்கிறான்? ஆனால் பெனோவின் அம்மா ரெபேக்காள் அந்தப் படத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. “எம் மவனுக்க வண்டி” என்று கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிட்டாள். படம் கைமாறிக் கைமாறி, அல் ஐனில் ஏசி டெக்னீஷியனாக இருக்கும் ரினியின் அண்ணன் ஜஸ்டஸிடம் வந்து சேர்ந்தது.

ஜஸ்டஸ் போன் செய்தான். “மெக்கானிக்குன்னா சும்மாவா! பழைய வண்டிய எடுத்து நீங்களே சரி பண்ணியிருப்பிய, அப்படித்தானே? சொந்த வண்டிதானே மாப்ள?”

அம்மாவைப் பொய்க்காரி ஆக்குவதா என்று ஒரு நொடி யோசித்தான் பெனோ. அடுத்த நொடி, இந்தக் கண்கள் கைவிட்டுப் போய்விடுமே என்று யோசித்தான்.

“ம்...” என்றான்.

அந்த ஒற்றை ‘ம்’ மூன்று வாரமாக அவனைத் தூங்கவிடவில்லை.

“ஒடியல்ல. வெளிய வாங்க, நல்லாப் பாக்கேன்,” என்றாள் ரினி.

“வேண்டாம் சிஸ்டரே! எனக்கு... உள்ள வேல கெடக்கு!” கையை உருவிக்கொண்டு ஆமை மாதிரி உள்ளே போனான்.

“தம்பி, வெளிய வாப்பா! டாக்டர் வந்தாச்சு, வண்டியக் குடுக்கணும்!” என்று சத்தம் போட்டார் ஃபோர்மேன் கௌஸ் முகம்மது. நல்லவேளை, அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லாதவர்.

இனி உள்ளேயே கிடக்க முடியாது. தூசிக்குக் கட்டும் துணியை மூக்கு வரை ஏற்றி, தொப்பியைப் புருவம் வரை இறக்கி, தப்பித்து ஓடப் பார்க்கிற திருடன் கோலத்தில் வெளியே வந்தான் பெனோ.

காரின் சொந்தக்காரர் டாக்டர் வெங்கட்ராமன் காரையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஏழு வாரம்! எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ நொறுங்கி, அதன் துணுக்குகள் எஞ்சினுக்குள் போய், பிஸ்டன் வரைக்கும் கெட்டுவிட்டது. எஞ்சினை மொத்தமாகக் கழற்றி, ஜப்பானிலிருந்து புது டர்போ வரவழைத்துப் பூட்டியிருந்தான் பெனோ. பில்லைப் பார்த்தபோது டாக்டருக்கே பிரஷர் ஏறியது வேறு கதை. அவருடைய கிளினிக்கில் ரினி சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஷார்ஜாவிலேயே முவைலாவில் ஒரு நோயாளியை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் அப்படியே காரையும் எடுக்க வந்திருந்தார்கள்.

ரினியும் காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் போனாள். நின்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்...

அப்போது டாக்டரின் போன் அடித்தது. துபாய் ஆஸ்பத்திரியில் அவசரமாம். “மழைல புது எஞ்சின ஓட்ட எனக்கு பயமா இருக்குப்பா. நாங்க வந்த வாடகைக் காரிலேயே நான் துபாய் போயிடறேன். நீ ட்ரயல் பாத்த மாதிரியும் இருக்கும், இத அஜ்மான் கிளினிக்ல கொண்டு விட்டுடு. சிஸ்டருக்கு நாலு மணிக்கு டூட்டி, அவங்களையும் கூட்டிண்டு போயிடு!” என்று சொல்லிவிட்டு, மனுஷன் பறந்தே விட்டார்.

யாருடைய வண்டி என்று பொய் சொன்னானோ அந்த வண்டியில், யாருக்காகப் பொய் சொன்னானோ அவளையே பக்கத்தில் உட்கார வைத்து... மாதாவே, தண்டனை கொடுக்க உனக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா?

கார் புறப்பட்டது. கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கே பெனோ விசில் அடித்திருப்பான்.

“நல்ல வண்டி,” என்றாள் ரினி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“ஆமா.”

“இது மாதிரி மஞ்சக் கலர்ல இங்க நிறைய ஓடுமோ?”

“ஓடும்... ஒண்ணு ரெண்டு.”

“எனக்கு ஒரு மாப்பிள்ள பாத்திருக்கு. அவருக்கும் இதே கலருதான். இதே மாதிரி ரெண்டு கதவு. இதே...” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்களுக்கு என்ன, சளியா? மூஞ்ச மூடியிருக்கிய?”

“ஆமா. பயங்கர சளி.”

“சளி எனக்கு ஒட்டாது. அந்தத் துணிய எடுங்க, பெனோ.”

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த பிக்கப்காரன் ஹாரனை அமுக்கித் தள்ளினான். பெனோ துணியை இறக்கினான். காது மடல் வரை சூடு ஏறியது. ரோட்டிலேயே குழி தோண்டிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“எப்போ தெரிஞ்சுது?”

“நம்பர் பிளேட்டப் பாத்ததும். அந்தப் படத்துல உங்க மூஞ்ச விட நம்பர்தான் தெளிவா விழுந்திருக்கு.” அவள் குரலில் சிரிப்பு இல்லை. “வண்டிய நிறுத்துங்க. நான் டாக்ஸியில போறேன்.”

நிறுத்தத்தான் வேண்டியிருந்தது, ஆனால் அவளுக்காக அல்ல. அஜ்மான் திருப்பத்தில் ரோடே இல்லை, குளம்தான் இருந்தது! லாரிகளின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர். பெனோ வண்டியை ஒடித்து, மேடாக இருந்த பெட்ரோல் பங்க்கில் ஏற்றி நிறுத்தினான். ரினி வேகமாகக் கதவைத் திறந்து இறங்கினாள். நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு டாக்ஸியும் இல்லை. தண்ணீருக்கு நடுவே பங்க் ஒரு தீவாக நின்றது.

“சரி... மெதுவா இதுக்குள்ளயே ஓட்டிப் போயிருங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாவுது,” என்றாள் விறைப்பாக.

“முடியாது.”

“என்னது?”

“வண்டி தாழ்வு. தண்ணி எஞ்சினுக்குள்ள போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது. டாக்டர் என்னைய நம்பிக் குடுத்த வண்டி. நீங்க என்ன திட்டினாலும் செரி, உறிஞ்சுத லாரி வந்து தண்ணிய எடுக்காம நான் எறக்க மாட்டேன்.”

ரினி அவனை வினோதமாகப் பார்த்தாள். “அடுத்தவன் வண்டிக்கு இம்புட்டு யோக்கியம்! எங்க அண்ணன்கிட்ட மட்டும் அந்த யோக்கியம் எங்க போச்சு?”

பெனோ தலையைக் குனிந்தான். என்ன சொல்வது? அம்மா செய்தது என்று சொல்லலாம். பாதி உண்மைதான். ஆனால் அந்த ‘ம்’ அம்மா வாயிலிருந்து வந்ததா?

“பொய்தான் சொன்னேன். உங்க படத்தப் பாத்தாச்சு... இல்லன்னு சொல்ல வாய் வரல்ல. நான் வெள்ளிக்கிழம கோயிலுக்கு வரல்ல. மாப்பிள்ளையப் பிடிக்கலன்னு நீங்க வீட்டுல சொல்லிருங்க. உங்களுக்கு ஒரு கொறையும் வராது.”

இப்படிச் சொன்னால் சமாதானம் ஆவாள் என்று நினைத்தான், பைத்தியக்காரன்! அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

“எனக்குப் பிடிக்கலன்னு நான் எதுக்குச் சொல்லணும்? உங்களுக்குப் பயம்னா, அதுக்கு நான் பொய் சொல்லணுமா?” மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு எம்மேலயும்தான் வெறுப்பா இருக்கு. நான் மொதல்ல பாத்தது அந்த வண்டியத்தான். ஆளப் பொறவுதான் பாத்தேன். ரூம்ல ஜெஸிகிட்ட, இன்னும் நாலு பிள்ளையள்கிட்ட எல்லாம் காட்டி, எப்படிப்பட்ட கார் பாத்தியளான்னு பீத்திக்கிட்டேன். இன்னைக்கு அந்த நம்பரப் பாத்ததும்... எனக்கு எங்க போயி மூஞ்ச வைக்கன்னு தெரியல்ல.”

தன் வெட்கத்தோடு இன்னொருத்தியையும் சேர்த்து வெட்கப்பட வைத்துவிட்டோமே! அதுதான் பெனோவுக்குத் தாங்கவில்லை. தான் ஒருவன் தலை குனிவது ஒரு விஷயமா? இவள் ஏன் குனிய வேண்டும்?

“நான் இப்போ என்ன செய்யணும்? சொல்லுங்க.”

“என்கிட்ட கேக்காதிய. யாருகிட்ட பொய் சொன்னியளோ, அவங்ககிட்ட கேளுங்க.”

பெனோ போனை எடுத்தான். ஜஸ்டஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான். பொய் சொன்னவனை வீட்டு நடையில் ஏற்றாத ஆள். சொன்னால் இந்தச் சம்பந்தம் இன்றோடு சரி. சொல்லாவிட்டால் இவள் முகத்தில் இனி விழிக்க முடியாது. இரண்டிலும் கைவிட்டுப் போவது இவள்தான்... சொல்லிவிட்டாவது போகட்டும்.

பட்டனை அழுத்தினான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான் ஜஸ்டஸ்.

“என்ன மாப்ள, வண்டி எப்படி ஓடுது?”

“அண்ணே... அது எனக்க வண்டி இல்ல.”

“என்னது?”

“கஸ்டமருக்க வண்டி. ஆயில் மாத்த வந்தப்போ சாஞ்சு நின்னு படம் எடுத்தேன். நீங்க கேட்டப்போ ஆமான்னு பொய் சொன்னேன். எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள்கூடக் கெடையாது. ஏமாத்தினது தப்பு, அண்ணே. மன்னிக்கணும்.”

அல் ஐனிலிருந்து வந்தது இடி. “லேய்! எனக்க தங்கச்சி என்ன ஏலத்துலயா கெடக்கா? காரக் காட்டியா பெண்ணு கேப்ப? உனக்கு வெக்கமா இல்ல?”

“இருக்கு அண்ணே. இப்பவும் வெக்கத்துலதான் நிக்கேன்.” பெனோ நிறுத்தவில்லை. “வண்டி மட்டுந்தான் பொய். உங்க தங்கச்சிய எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னது பொய் இல்ல. இப்போ முன்ன விட ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க தரல்லன்னாலும், அதையும் உண்மையாச் சொல்லிட்டுப் போறேன்.”

டொக். ஜஸ்டஸ் வைத்துவிட்டான்.

பெனோ போனைப் பைக்குள் போட்டான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிற தைரியம் வரவில்லை. பங்க் கூரையில் மழை சடசடத்தது. தரையில் வழிந்தோடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கிணிகிணி என்று இன்னொரு போன் அடித்தது. ரினியுடையது.

“சொல்லு அண்ணே...” என்றாள். காதில் வைக்கவே வேண்டாம், அந்தச் சத்தம் பெனோவுக்கே கேட்டது. அவனோடு பேசாதே, அந்த ஆளை மறந்துவிடு, ஊரில் வேறு இடம் பார்க்கலாம் என்று ஜஸ்டஸ் மூச்சு விடாமல் முழங்கினான். முழங்கி முடிக்கும் வரை ரினி காத்திருந்தாள்.

“முடிஞ்சுதா? அண்ணே, அந்த ஆளு எனக்க பக்கத்துலதான் நிக்காரு. டாக்டருக்க வண்டியில வந்தோம், மழையில மாட்டிக்கிட்டோம். அது பெரிய கத, பொறவு சொல்லுதேன். இப்போ ஒண்ணே ஒண்ணு கேளு...”

பெனோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

“பொய் சொன்னதுக்கு நீ ஏசினது சரி. நானும் ஏசிட்டேன். ஆனா, வராம ஒளிஞ்சு போயிருக்கலாம், அவரு போகல்ல. உன்கிட்டயே சொல்லிட்டாரு. வண்டி இல்லாம இருக்கட்டு. நான் பஸ்ஸுல போய்க்கிடுதேன். எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழம கோயிலுக்கு வா. அங்க வச்சு இன்னும் நாலு வசவு விடு, ரெண்டு பேருமா நின்னு வாங்கிக்கிடுதோம்.”

போனை வைத்தாள்.

பெனோ குனிந்த தலை குனிந்தபடியே நின்றான். கண்ணில் நிறைந்திருந்ததை அவள் பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கம் வேறு சேர்ந்துகொண்டது. வெள்ளை ஷூ மெல்ல நடந்து வந்து, இந்த முறை ஓரடி தள்ளிப் பத்திரமாக நின்றது.

“கொஞ்சம் நிமிருங்களேன்...” என்றாள் ரினி. குரல் மழையில் நனைந்த மாதிரி இருந்தது. “அண்ணன்கிட்ட அம்புட்டுத் துணிச்சலாப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அந்த மூஞ்ச நான் இன்னும் சரியாப் பாக்கல்லலா?”

பெனோ நிமிர்ந்தான். ஆயில் கறை, வியர்வை, கண்ணீர் எல்லாம் அப்பிய அந்த முகத்தை அவள் ஆற அமரப் பார்த்தாள்.

“பரவால்ல...” என்றாள். “படத்தை விட நல்லாத்தான் இருக்கு.”